மோடத்துக்குக் காது கேட்காது

அன்புள்ள பொன்னிக்கு,

அப்பா எழுதுவது. நெப்ராஸ்காவில் இருக்கிற இரண்டு வாரமும் மோட்டல் போன் வழியாகத்தான் இன்டர்நெட் என்றாய். லேப்டாப்பே காலிங் கார்டு (வெளியூர் பேசுவதற்கான தொலைபேசி அட்டை) போட்டு, இன்டர்நெட் இணைப்புக்கான சிகாகோ எண்ணைக் கூப்பிடுமா என்றும் கேட்டாய். கூப்பிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் அதற்கென்றே இடம் இருக்கிறது.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை. போனையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கார்டு வழியாக ஒருமுறை கையாலேயே டயல் செய். கார்டில் போட்டிருக்கும் 800 எண்ணின் (கார்டு கம்பெனியின் எண்) கடைசி இலக்கத்தை அழுத்தியதிலிருந்து, ரகசிய எண்ணைக் கேட்கும் குரல் பேசி முடிக்கும்வரை எத்தனை வினாடி? ரகசிய எண்ணுக்கு அடுத்து ஹாஷ் (#) அழுத்தச் சொல்கிறதா? மீதிப் பணத்தைச் சொல்லி முடிக்க எத்தனை வினாடி? கூப்பிடும் ஊரின் எண்ணுக்கு முன்னால் 1 வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள். நமக்குக் காது இருக்கிறது, குரல் முடிந்ததும் அழுத்துகிறோம். மோடத்துக்கு, அதாவது கம்ப்யூட்டரைப் போன் லைனில் சேர்க்கும் கருவிக்கு, அது கிடையாது, நாம் சொன்ன வினாடி வரை காத்திருந்து எண்ணைத் தள்ளிவிடும். இந்த வேலையில் வரும் தகராறில் பாதிக்குமேல் இங்கேதான்.

கன்ட்ரோல் பேனலில் 'போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்' திற. 'டயலிங் ரூல்ஸ்' பக்கத்தில் 'நியூ' அழுத்தி மோட்டலுக்கு ஒரு இடம் உண்டாக்கு. ஏரியா கோடு (ஊருக்கான குறியீட்டு எண்) என்று கேட்பது நீ இருக்கிற ஊருடையது. நார்த் பிளாட் என்றால் 308. பழக்கத்தில் சிகாகோவின் 312 போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் அதை உள்ளூர் அழைப்பு என்று நினைத்துக் கார்டைத் தொடவே தொடாது. வெளி லைனுக்கு எந்த எண் என்பது போன் மேல் ஒட்டியிருக்கும். பல மோட்டல்களில் உள்ளூருக்கு 9, வெளியூருக்கு 8. உனக்கு வேண்டியது 800 எண்ணுக்கு அவர்கள் சொல்வது. அது 8 என்றால் உள்ளூர், வெளியூர் இரண்டு கட்டத்திலும் 8 போட்டுப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியும் வை. காற்புள்ளி என்றால் மோடத்துக்குச் சற்று நில் என்று அர்த்தம், வழக்கமாக 2 வினாடி.

அடுத்து 'காலிங் கார்டு' பக்கம். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளின் கார்டுகள் பட்டியலிலேயே இருக்கும். உன்னுடையது கடையில் வாங்கிய ப்ரீபெய்டு கார்டு, அதனால் 'நியூ'. பெயர் ஏதாவது கொடு. கார்டில் சுரண்டி எடுத்த ரகசிய எண்ணை 'பின்' கட்டத்தில் போடு, அக்கவுண்ட் எண் கட்டம் காலியாக இருக்கட்டும். பிறகு 'லாங் டிஸ்டன்ஸ்' பக்கத்துக்குப் போ. மேலே ஆக்சஸ் எண் என்று கேட்கும் இடத்தில் 800 எண்ணை முன்னால் 1 சேர்த்து எழுது. கீழே இருக்கிற பட்டன்களை அழுத்த அழுத்த, டயல் செய்யும் படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறும். உன் கார்டுக்கு வரிசை அநேகமாக இப்படி வரும்: ஆக்சஸ் எண், 14 வினாடி காத்திருப்பு, பின், ஹாஷ், 10 வினாடி காத்திருப்பு, கூப்பிட வேண்டிய எண். வினாடிகளை உன் தாளிலிருந்து போடு. கூப்பிட வேண்டிய எண்ணைச் சேர்க்கும்போது கன்ட்ரி கோடு, ஏரியா கோடு இரண்டும் சேரட்டுமா என்று கேட்கும். அமெரிக்காவின் கன்ட்ரி கோடே 1 என்பதால், குரல் 1 கேட்டால் இரண்டையும் டிக் செய், கேட்காவிட்டால் ஏரியா கோடு மட்டும்.

வினாடிக்குப் பதிலாக, குரல் பேசி முடிக்கும்வரை காத்திரு என்றும் ஒரு வழி அங்கே உண்டு. அதை நம்பாதே. மோடம் பார்ப்பது வெறும் மௌனத்தைத்தான், குரல் நடுவில் மூச்சு விட்டாலும் ஏமாந்துவிடும். நீ போடும் வினாடியிலும் ஒரு சிக்கல் உண்டு. பத்து டாலர் என்று சொல்ல ஆகிற நேரம் வேறு, ஒன்பது டாலர் எண்பத்தைந்து சென்ட் என்று சொல்ல ஆகிற நேரம் வேறு. முதல் நாள் ஓடியது மறுநாள் ஓடாததற்கு இதுதான் காரணமாக இருக்கும். அளந்ததற்கு மேல் 2 அல்லது 4 வினாடி சேர். பத்துப் பதினைந்து சேர்த்தால் அந்தக் குரல் பொறுமையிழந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வெளியே வருமுன் புதுக் கார்டுக்குப் பக்கத்து வட்டத்தில் புள்ளி விழுந்திருக்கிறதா பார்த்துவிட்டு 'அப்ளை' அழுத்து.

இனி போன் வழி இன்டர்நெட்டுக்கான டயல்-அப் கனெக்‌ஷனின் ப்ராப்பர்ட்டீஸ். 'யூஸ் டயலிங் ரூல்ஸ்' டிக் இல்லாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண். ஏரியா கோடு கட்டத்தில் 312, எண் கட்டத்தில் மிச்ச ஏழு இலக்கம் மட்டும். அங்கேயே 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் மறு டயல் மூன்று தடவை என்று இருக்கும். பூஜ்யம் ஆக்கு. ஒவ்வொரு தடவை இணையும்போதும் கட்டணம் பிடிக்கிற கார்டு என்றால் நீ காபி குடித்துவிட்டு வருவதற்குள் பணம் கரைந்திருக்கும்.

மோடத்தின் ப்ராப்பர்ட்டீஸில் மூன்று விஷயம். 60 வினாடியில் இணையாவிட்டால் அழைப்பை வெட்டு என்று இருப்பதை 120 ஆக்கு, கார்டின் பேச்சுக்கே பாதி நேரம் போய்விடும். அறை போனில் மெசேஜ் விளக்கு எரிந்தால் டயல் டோன் (போனை எடுத்ததும் கேட்கும் ஒலி) விட்டுவிட்டு வரும். மோடம் அதை டோனாக மதிக்காமல் 680 என்ற பிழையைக் காட்டும். அப்போது டயல் டோனுக்குக் காத்திருக்கும் டிக்கை எடுத்துவிடு. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வை, எந்தப் படியில் தடுக்குகிறது என்று உன் காதே சொல்லும். எந்த எண்ணை அனுப்பியது என்று மோடத்தின் பதிவுக் கோப்பான லாகில் தேடாதே, அங்கே இலக்கமெல்லாம் ஹாஷ் குறியாக மறைந்திருக்கும். எத்தனை ஹாஷ் என்று எண்ணிப் பார்க்க மட்டும் உதவும்.

டயல் எல்லாம் சரியாகப் போய், எதிர்முனை மோடம் கீச்சிடுவதும் கேட்டு, அப்படியும் இணையாவிட்டால் தப்பு உன்மேல் இல்லை. மலிவுக் கார்டுகள் சில குரலைச் சுருக்கி அனுப்புகின்றன. பேச்சுக்கு அது போதும், மோடம் ஒலி அதில் சிதைந்துபோகும். வேறு கம்பெனி கார்டு வாங்குவது தவிர வழியில்லை.

சுவரில் இருக்கிற சாக்கெட்டில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வயரைச் செருகாதே. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கிற இடங்களில் அந்த லைன் மோடத்தை எரித்துவிடலாம். போனின் பக்கவாட்டில் 'டேட்டா' என்று எழுதிய துளை இருந்தால் அதில் போடு. இல்லாவிட்டால் ரிசப்ஷனில் கேள், 800 எண்ணுக்கு மோட்டல் தனியாகக் காசு வாங்குகிறதா என்பதையும் சேர்த்து.

அங்கிருந்து டென்வர் போகிறாய் அல்லவா, அங்கே 303 போட்டு இன்னொரு இடம் உண்டாக்கு. கார்டை மறுபடி எழுத வேண்டாம், பட்டியலில் இருக்கும். ஆனால் புது இடத்துக்கு அதை நீதான் தேர்ந்தெடுக்க வேண்டும், தானாக வராது.

அன்புடன்,
அப்பா