கீழ்வீட்டுத் தாத்தாவும் பிட்சர்களும்

மால்டன், பாஸ்டன் அருகில்
14-3-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சிவராத்திரியன்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கால்வலி தேவலை என்று அறிந்து நிம்மதி. இங்கே பங்குனி பிறந்தும் பனி விடவில்லை. ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஸ்வெட்டரோடு தூங்குகிறேன். அதுதான் உடம்புக்கு நல்லதாம்.

கீழ்வீட்டுத் தாத்தாவுக்கு பேஸ்பால் பித்து முற்றிவிட்டது. சனிக்கிழமை என்றால் கூப்பிட்டு உட்காரவைத்து, உப்பும் காரமும் இல்லாத உருளைக்கிழங்கு சூப்பைக் கொடுத்து, பிட்சர்களில், அதாவது பந்து எறிபவர்களில், யார் பலம், இந்த ஊர் ரெட் சாக்ஸா நியூயார்க் யாங்கீஸா என்று ஆரம்பித்துவிடுவார். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒன்பது இன்னிங்ஸில் ஆறேழாவது தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு நான்கு நாள் ஓய்வு. அதனால் ஐந்து பேர் முறைவைத்து எறிகிறார்கள்.

யாங்கீஸில் சென்ற ஆண்டு 21 ஆட்டம் வென்ற பெட்டிட், 17 வென்ற கிளெமென்ஸ், 15 வென்ற வெல்ஸ் மூவருமே போய்விட்டார்கள். புதிதாக வந்த கெவின் பிரவுனுக்கு இன்று 39 வயது நிறைகிறது, முதுகுவலிக்காரர் வேறு. வாஸ்கெஸ் இளைஞர். பழைய ஆளாக மஸீனா மட்டுமே மிச்சம். இங்கேயோ பெட்ரோ மார்ட்டினெஸோடு ஷில்லிங் சேர்ந்திருக்கிறார், 2001இல் யாங்கீஸைக் கவிழ்த்த அதே அரிசோனாக்காரர். பாஸ்டன் கைதான் ஓங்கும் என்கிறேன். தாத்தா ஒப்பவில்லை. போன அக்டோபரில் யாங்கீஸிடம் 5-2 என்று முன்னிலையில் இருந்தும், களைத்த பெட்ரோவை எட்டாவது இன்னிங்ஸில் மாற்றாமல் விட்டுத் தோற்றார்களே, அந்த ஆற்றாமை. 1918க்குப் பிறகு கோப்பையே இல்லை, பாவம்.

எனக்குப் பிடித்தவர் ரெட் சாக்ஸ் பிட்சர் வேக்ஃபீல்ட். வேகமே கிடையாது. சுழலாமல் மிதந்து வரும் பந்து எந்தப் பக்கம் நழுவும் என்று பிடிப்பவருக்கே தெரியாது. நம் கிரிக்கெட் சந்திரசேகர் பந்து எங்கே திரும்பும் என்று அவருக்கே தெரியாது என்பீர்களே, அதைத் தாத்தாவிடம் சொன்னேன். யார் அவர் என்றார். திண்ணையில் ரேடியோவை நடுவில் வைத்து நீங்களும் பெரியப்பாவும் சண்டை போடுவதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. குளிர்க்காற்றுதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சுகுணாவுக்கு வந்த திருவிடைமருதூர் வரன் நல்ல இடம்தான். ஆனால் பெரியப்பாவைக் கேட்காமல் நகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்காக மேலத்தெரு மனையை விற்கும் பேச்சும் வேண்டாம். இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாகும், வங்கியில் ஏதோ முறை மாற்றமாம். வட்டிக்கு மட்டும் சித்திரை வரை தவணை கேளுங்கள். மாப்பிள்ளையின் ஜாதக நகலை அடுத்த கடிதத்தில் வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
முரளி