மண் சுவருக்கு மண்தான்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. ரான்சோஸ் தே தாவோஸ் தேவாலயப் படத்தைப் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் மண் பூசுகிறார்களே, ஒரு தடவை சிமெண்ட் பூசினால் தீர்ந்ததே" என்று கேட்டிருக்கிறாய். அதையும் செய்து பார்த்தவர்கள்தான் அவர்கள்.

அந்த ஊர் இருப்பது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடபகுதியில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட பூமி. ஸ்பானிஷ் குடியேறிகளின் வம்சம் இன்றும் வாழும் சின்ன ஊர். கோயிலை 1816 வாக்கில் கட்டி முடித்தார்கள். கல் எல்லாம் சுடாத மண்கல், அடோபே என்பார்கள். அந்தச் சொல்லே அரபியிலிருந்து ஸ்பெயின் வழியாக அங்கே போனது.

1967இல் சிமெண்ட் பூசினார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் மண்ணும் சிமெண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதனால் மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியே மழைநீர் இறங்கும், அடியிலிருந்து தரை ஈரமும் ஏறும். மண் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் காற்றில் போய்விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். வெளியே பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். உள்ளே கல் கரைந்து சேறாகியிருக்கும். இந்தக் கோயிலில் அதுதான் நடந்தது. 1979இல் சிமெண்டைப் பெயர்த்து, கெட்ட கல்லை மாற்றி, மறுபடி மண்ணே பூசினார்கள். அது முதல் ஜூன் மாதம் ஊரே கூடிப் பூசுகிறது. ஜூலையில் மழை தொடங்குவதற்குள் பூச்சு காய வேண்டுமே.

நீ கேட்ட மண்பூச்சுப் பக்குவம் இதோ. கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வை. மணல் உடனே அடியில் படியும், களிமண் மறுநாள்தான் அதன் மேலே படியும். களி அதிகமானால் பூச்சு வெடிக்கும், குறைந்தால் கை பட்டாலே உதிரும். பொதுவாகக் களிமண் ஒரு பங்குக்கு மணல் இரண்டு, மூன்று பங்கு. மண்ணைச் சலித்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து, ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். முதலில் சுவரில் ஒரு முழத்துக்குப் பூசிக் காயவிட்டுப் பார். வெடித்தால் மணல் சேர்.

பூசுமுன் சுவரை நனைக்க மறக்காதே. காய்ந்த சுவர் பூச்சின் நீரை உறிஞ்சிவிடும். பூச்சு ஒட்டாமல் பாளம் பாளமாக விழும். முதல் பூச்சு இரண்டு செ.மீ. கனம். அது நன்றாகக் காய்ந்த பிறகே மேல்பூச்சு, மெல்லிசாக. இந்த வேலையில் அங்கே பெண்கள்தான் கைதேர்ந்தவர்கள். என்ஹார்ரதோரா என்று அவர்களுக்குத் தனிப் பெயரே உண்டு.

கோயிலின் பின்பக்கப் படத்தை மறுபடி எடுத்துப் பார். சுவரைத் தாங்கி நிற்கும் பருத்த உதைசுவர்களில் எங்கேயும் கூரான விளிம்பு இருக்காது. மழை முதலில் கரைப்பது மூலையைத்தான், அதனால் அந்த இடத்தில் கையாலேயே உருட்டி வழித்துவிடுகிறார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்