தெருவோடு நின்றுவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய நகர மன்றத்தாருக்கும், பாதாளச் சாக்கடைத் திட்டம் தீட்டும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நகர எல்லைக்கு வெளியே இருக்கும் எங்கள் குடியிருப்பு வரை பாதாளச் சாக்கடையை நீட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் உங்கள் வரைபடத்தில் குழாய் தெருவோடு நின்றுவிடுகிறது. தெருவிலிருந்து வீடு வரைக்குமான தூரத்தை அவரவர் பாடு என்று விட்டிருக்கிறீர்கள். அந்தத் தூரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் மனைகளில் கிணறும் செப்டிக் டேங்கும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. செப்டிக் டேங்க் மோசமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். மிச்ச வேலையை மண் பார்த்துக்கொள்ளும். அதற்கு மண்ணுக்கு இடமும் வேண்டும், அவகாசமும் வேண்டும். வீடுகள் பெருகப் பெருக இரண்டும் குறைந்துவிட்டன. நிலத்தடி நீர் மேலேறும் மாதங்களில் எங்கள் குழி எதையும் உறிஞ்சுவதில்லை. குளியலறைத் துவாரம் வழியாக நீர் எதிர்த்து வருகிறது. அந்த நாட்களில் குழாயைத் திறக்கவே கை தயங்கும்.

நாற்றத்தையாவது மூக்கு சொல்லிவிடும். நைட்ரேட்டைச் சொல்ல எதுவும் இல்லை. அதற்கு நிறமும் வாடையும் கிடையாது. கழிவிலிருக்கும் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மண்ணில் தங்காமல் நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்து வகுத்த அளவு அது. மிஞ்சினால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நம்புகிற தாய்மார் எங்களில் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் அப்படியே இருக்கும், நீர் வற்ற வற்ற அடர்த்தியும் கூடும்.

சரி, குழாய்க்கு வருகிறேன். எங்கள் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் வீட்டுக்கு இத்தனை மீட்டர் என்று கணக்குப் பார்த்தால் நகரத்தைவிட அதிகம் வரும். கழிவுநீர் தானாக ஓட வாட்டம் வேண்டும். தூரம் கூடக் கூடப் பள்ளம் ஆழமாகும். ஒரு கட்டத்துக்குமேல் தோண்ட முடியாமல் பம்ப் வைத்து மேலேற்ற வேண்டும். இந்தச் செலவின் சுமை எனக்குப் புரிகிறது. அதைக் குறைக்கத்தான் வீட்டு இணைப்பை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் இணைப்பில்லாத குழாய் சும்மா கிடக்காது, கெடும். நாளில் ஒருமுறையாவது நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்தில் நீர் ஓடினால்தான் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று கணக்கிட்டுத்தானே அதன் அளவையும் வாட்டத்தையும் முடிவு செய்கிறீர்கள்? பத்து வீட்டில் மூன்று வீடு மட்டும் இணைந்தால் அந்த ஓட்டம் எங்கிருந்து வரும்? கசடு தங்கும், புளிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது குழாயின் மேல்வளைவில் அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்கும். பிறகு அடைப்பெடுக்க யாரையாவது மேன்ஹோலுக்குள் இறக்கத் தோன்றும். அந்த வாயு முதலில் மோப்பத்தை மரக்க வைத்து, பிறகு உயிரை எடுக்கும். எங்கள் கழிவுக்காக ஒரு மனிதர் கூட அதற்குள் இறங்கக் கூடாது. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

வேறு வழிகள் இருக்கின்றன. பிரேசிலின் நடால் நகரில் 1980களின் தொடக்கத்தில் குழாயை நடுத்தெருவில் ஆழமாகப் புதைக்காமல், கொல்லை வழியாகவும் நடைபாதை ஓரமாகவும் மேலாகப் பதித்தார்கள். கனத்த வண்டி ஏறாத இடத்தில் ஆழம் தேவைப்படவில்லை. ஒரு தொகுதி வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி எந்த வழியாகக் குழாய் போகும் என்று முடிவெடுத்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் செப்டிக் டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் சிறிய குழாயில் எடுத்துச் சென்றார்கள். கசடு குழாய்க்குள் வராததால் செங்குத்தான வாட்டமும் வேண்டியதில்லை. வீடுகள் தள்ளியிருக்கும் எங்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் தொட்டியைக் காலாகாலத்தில் காலி செய்யும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டும். அதை வீட்டுக்காரர் தலையில் கட்டினால் கசடு நிரம்பிக் குழாய்க்குள் வந்துவிடும்.

சாக்கடை வந்தால் பின்னாலேயே அடுக்குமாடிகளும் வரும் என்று எங்களில் சிலர் அஞ்சுகிறார்கள். வீண் பயம் என்று நான் தள்ளமாட்டேன். எத்தனை வீடுகளுக்கு என்று கணக்கிட்டுக் குழாய் போடுகிறீர்கள், அத்தனை கழிவையும் தாங்க உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் இருக்கிறதா என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். பேச ஏதாவது கையில் இருக்கும்.

அப்புறம், யாரும் பேசாத ஒன்று. முழுச் சாக்கடையையே போடுவதென்று முடிவானால் பழைய தொட்டிகள் மண்ணுக்குள் வெற்றாகக் கிடக்கும். மேல்மூடி இற்றுப்போய் ஒருநாள் குழந்தை கால்வைக்கும்போது உடையும். அவற்றைக் காலி செய்து மணல் நிரப்பி மூடுவதும் இந்தத் திட்டத்துக்குள்ளேயே வர வேண்டும்.

ஆகவே ஒப்பந்தம் விடுவதற்கு முன் வீடு வீடாக வந்து அளவெடுங்கள். இணைப்புச் செலவை மதிப்பீட்டில் சேருங்கள். எங்கள் பங்கைப் பல வருடத் தவணையாகக் கட்டணத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுத் தொட்டியின் மூடி கொல்லையில் ஒரு முழ மண்ணுக்கடியில் இருக்கிறது. வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் மண்ணை விலக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
எல்லைக்கு வெளியே குடியிருக்கும் ஒருத்தி