பொத்தானை விட வயர் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்ப்படகுகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், பவ் த்ரஸ்டர் (அணியத்தை, அதாவது படகின் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் மோட்டார் காற்றாடி) பொருத்திவிட்டால் எந்தக் காற்றிலும் பொத்தானைத் தட்டியே படகைத் துறையில் அணைத்துவிடலாம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவர் விலை விசாரித்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்துவிட்டார்.

நான் மண்டபத்தில் 22 வருடமாகப் படகுகளுக்கு வயரிங் செய்கிறவன். இந்தச் சாமானை ஒரே ஒரு படகில்தான் மாட்டியிருக்கிறேன். அதையும் முதல் தடவை தப்பாக மாட்டினேன்.

அது 36 அடி ஃபைபர் பாய்ப்படகு. அணியத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே குறுக்காகத் துளைத்து 185 மில்லிமீட்டர் குழாய். அதற்குள் சின்னக் காற்றாடி. 12 வோல்ட் மோட்டார், ஓடும்போது 300 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியோ பின்னால் இன்ஜின் பக்கம், 10 மீட்டர் தள்ளி. லாரி செல்ஃப் மோட்டார் வயர் மாதிரி இருந்தால் போதாதா என்று 50 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்துவிட்டேன். போக வர 20 மீட்டர் ஆகிறதே என்று யோசிக்கவில்லை. கச்சான் காற்று வீசிய ஒரு மத்தியானம் துறையை ஒட்டி வருகையில் முதலாளி பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகியது, அணியம் அசையவில்லை. கல்லில் உரசி ஒரு முழத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் போயிற்று. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 11.6, மோட்டாரில் 9.4. மிச்சத்தை வயர் தின்றிருந்தது. கை வைத்தால் சுட்டது.

பிறகு மோட்டார் பக்கத்திலேயே தனி ஏஜிஎம் (தண்ணீர் ஊற்ற வேண்டாத மூடிய வகை) பேட்டரி, அதை ஒட்டியே ஃபியூஸ், பின்னாலிருந்து சார்ஜ் ஏற மட்டும் ஒரு லைன் என்று மாற்றினேன். இப்போது தள்ளுகிறது. ஆனால் முன்னால் 30 கிலோ ஏறியதில் அலையில் மூக்குக் குத்துகிறது என்று அவருக்குக் குறை. பாய் ஓட்டுகிறவருக்கு அது சின்னக் குறை அல்ல. புதிதாகப் போடுகிறவர்கள் 24 வோல்ட் எடுத்தால் அதே வலுவுக்குப் பாதி ஆம்பியர்தான்.

துளை போடும் இடமும் லேசுப்பட்டதல்ல. குழாயின் மேல் விளிம்புக்கு மேலே அதன் விட்டத்தில் முக்கால் அளவாவது தண்ணீர் நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்றைக் குடித்துக் கொப்பளிக்கும். ஆழம் தேடிப் பின்னால் நகர்த்தினாலோ நெம்புகிற தூரம் குறையும். கரையில் நிறுத்தி அளந்தால் ஏமாந்துபோவோம். மிதக்கவிட்டுக் கோடு போட வேண்டும்.

‘எந்தக் காற்றிலும்’ என்பதுதான் எனக்கு உறுத்தல். காற்றின் வேகம் இரட்டித்தால் படகைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். மோட்டாரோ தொடர்ந்து இரண்டு மூன்று நிமிடம் ஓடினாலே சூடேறிவிடும். படகு வேகம் எடுத்துவிட்டால் த்ரஸ்டரால் பலனும் இல்லை. பாம்பன் பாலத்தடியில் நீவாடு (நீரோட்டம்) இழுக்கும்போது இன்ஜினையும் சுக்கானையும்தான் நம்ப வேண்டும். 2025இல் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி உயர்ந்து வழி விட்டாலும்கூட.

நம் கடலில் படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு வேறு. மூன்று மாதம் சும்மா கட்டிப்போட்டதில் காற்றாடி இதழே தெரியவில்லை, சுரண்டித்தான் எடுத்தோம். துருவைத் தாங்கிக்கொள்ள வைத்த துத்தநாகத் துண்டின் மேலும், அது வேலையே செய்யாதபடி யாரோ பெயிண்ட் அடித்திருந்தார்கள்!

விலை கேட்டு வந்தவரின் படகு 24 அடி. அணியம் தண்ணீருக்குள் ஒரு சாண்கூட இல்லை. நல்ல கயிறும், உரசாமல் பக்கத்தில் தொங்கவிட நாலு ஃபெண்டரும் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
படகு எலெக்ட்ரீஷியன், மண்டபம்