கீழ்வீட்டு அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும், பள்ளியில் இருப்பவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும்,

மனச்சோர்வில் பல நாள் பள்ளிக்கு வராமல் இருந்த என் மகன் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனான். இரண்டு பாடவேளைதான் இருந்தான். ஆனாலும் தானே கிளம்பிப் போனான், தானே திரும்பி வந்தான். அன்று சாயங்காலமே உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வரியை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் அவன் சம்மதத்தோடுதான் உங்களிடம் வருகிறது.

அவன் வராத நாட்களைப் பற்றி வகுப்பில் ஒரு பேச்சும் எழாமல் பார்த்துக்கொண்ட வகுப்பாசிரியருக்கு நன்றி. விட்டுப்போன தேர்வுகளைப் பற்றி நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பிள்ளை முதலில் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்ட தலைமையாசிரியருக்கு நன்றி. மருத்துவருக்கும் ஆலோசகருக்கும், மதிப்பெண் பேச்சை எடுக்காமலே நலம் விசாரித்த உறவினர்களுக்கும், நடுராத்திரி அழைத்தாலும் முதல் மணியிலேயே போனை எடுத்த என் தங்கைக்கும் நன்றி. தினமும் நோட்டைப் படம் பிடித்து அனுப்பி, கீழே "பதில் போட வேணாம்டா" என்று எழுதிய நண்பனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, நீ அனுப்பிய ஒவ்வொன்றையும் அவன் பார்த்தான். யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாத நாட்களிலும் பார்த்தான். எல்லாப் பழியையும் செல்போன் மேல் போடும் பேச்சு இப்போது காதில் விழும்போதெல்லாம் எனக்கு உன் நினைவுதான் வருகிறது.

இனி, கீழ்வீட்டு அம்மா, உங்களுக்கு.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனுக்கு ஏதாவது கொடுக்க வந்தார்கள். ஆறுதல், அறிவுரை, புத்தகம், பிரார்த்தனை. எல்லாம் அன்பால் வந்தவைதான், நான் குறை சொல்லவில்லை. நீங்கள் மட்டும் அவனிடம் ஒன்று கேட்க வந்தீர்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்த கறுப்புக் கண்ணாடியோடு கதவோரம் நின்று, "தம்பி, எனக்குக் கண்ணுல மருந்து விட ஆள் இல்லப்பா. நானே விட்டா கை நடுங்கி பாதி கன்னத்துல போயிடுது. நீ வந்து விடுறியா?" என்றீர்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை மணிக்கு?" என்றான். பல நாள் கழித்து அவன் வாயிலிருந்து வந்த கேள்வி அது.

இரண்டு மருந்து. ஒன்று கிருமிக்கு, இன்னொன்று வீக்கத்துக்கு. ஒன்றை விட்ட பிறகு 5 நிமிடம் கழித்துத்தான் அடுத்ததை விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொட்டை இரண்டாவது சொட்டு அடித்துக்கொண்டு போய்விடும். இதை மருந்துச் சீட்டைப் பார்த்து அவனே படித்துத் தெரிந்துகொண்டான். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, குப்பியின் முனை கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 முறை, அதன் பிறகு வாரத்துக்கு வாரம் குறையும். ஒரு தாளில் கட்டம் போட்டு உங்கள் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வேளையும் டிக் அடித்தான். பகல் முழுக்கத் திரைச்சீலையைக்கூடத் திறக்காமல் கிடந்த பிள்ளை, காலை 8 மணி மருந்துக்காக எழுந்து முகம் கழுவினான்.

அந்த 5 நிமிடத்தில்தான் அவன் பேசத் தொடங்கினான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருப்பீர்கள். எதிரில் இருப்பவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை, 5 நிமிடத்தில் அடுத்த வேலை வந்துவிடும், நீட்டி இழுக்க மாட்டார்கள் என்கிற தைரியம் அவனுக்கு வந்திருக்க வேண்டும். என்ன பேசினான் என்று நான் இதுவரை கேட்கவில்லை. நீங்களும் சொன்னதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "இதை டாக்டர்கிட்ட சொல்லியாகணும், நானும் அவன்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டான்" என்றீர்கள். எதைக் காப்பாற்றி வைக்க வேண்டும், எதை உரியவரிடம் கொண்டு போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

சொட்டு மருந்து அவனைக் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சிகிச்சைதான் குணப்படுத்துகிறது, இன்னும் நடக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்குப் போய் வருவதை ஆலோசகரிடம் சொன்னபோது, அவர் அதை விட்டுவிடாமல் தொடரச் சொன்னார். மனசு நல்லானதும் எழுந்து வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் தள்ளிக்கொண்டே போகும், சின்ன வேலையாகப் பார்த்து முதலில் கையைக் கொடுத்தால் உற்சாகம் பின்னால் வரும் என்றார். மனச்சோர்வு சிகிச்சையிலேயே இதற்கென்று ஒரு முறை இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளை நாம் எல்லோரும் சேர்ந்து கண்காணிக்கிறோம், திருத்துகிறோம், நாளைக்குத் தயார் செய்கிறோம். இன்றைக்கு அவர்களால் நமக்கு ஏதாவது ஆக வேண்டியிருக்கிறது என்று யார் சொல்கிறோம்? 15 வயதுப் பையனிடம் தன் கண்ணையே நம்பிக் கொடுத்தார் ஒருவர். அன்றிலிருந்துதான் அவன் நிமிர்ந்து நடந்தான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

உலகம் முழுவதும் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 7 பேருக்கு ஒருவர் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாயங்காலம் கீழே விளையாட வரும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். விளையாட வராத பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகவே வர வேண்டும் என்றில்லை, சுள்ளென்று விழும் எரிச்சலாகவும் வரும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் திமிர். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. விடியற்காலைத் தனிவகுப்புக்கு எழுப்பிவிட்டு, எழுந்திருக்காத பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். தூக்கமில்லாத தலையில் ஒப்பீடும் பரீட்சை பயமும் கேலியும் ஏறி உட்கார்ந்தால் பெரியவர்களாலேயே தாங்க முடியாது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன், நீங்களும் கூட நின்றால் நல்லது. காலைத் தனிவகுப்பின் நேரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். ஆலோசகர் அறைக்குப் போகும் பிள்ளையை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. குடியிருப்புக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். அவனைப் படிக்கட்டில் பார்த்தால் "இப்போ சரியாயிடுச்சா?" என்று கேட்காதீர்கள். பை கனமாக இருந்தால் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தக் கட்டடத்திலோ பள்ளியிலோ இதே மாதிரி ராத்திரிகளைக் கழித்துக்கொண்டிருக்கும் அப்பா, அம்மா இருந்தால், எங்கள் கதவை எந்த நேரத்திலும் தட்டலாம். நான் அறிவுரை சொல்ல மாட்டேன், வெளியிலும் சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் முதல் முறை போகும்போது துணைக்கு வருகிறேன். பிள்ளை உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம் ரொம்பக் கஷ்டம், அப்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆளாக என் தங்கை இருந்தாள். உங்களுக்கு நான் இருக்கிறேன்.

நன்றியுடன்,
மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மா