நீ கேட்ட அட்டை

கயலுக்கு,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். நீ கிளம்ப இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. தடுப்பூசிக்கு நேரம் வாங்கினாயா? போன ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு "பார்த்துக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

டிக்கெட் எடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னாய். அதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் என் மகள் கானாவில் ஒரு தண்ணீர்த் திட்டத்தையே பொறுப்பெடுத்துச் செய்யப் போகிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அத்தையிடம் மட்டும் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் முடி. கானாவுக்குள் போக அந்தச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், அதனால் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதே. எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அதற்கென்று அனுமதி உள்ள மையத்துக்குத்தான் போக வேண்டும். மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா, கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்கு. முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 முதல் ஒரே ஊசி ஆயுசுக்கும் செல்லும். அதனால் அந்த அட்டையைத் தொலைக்காதே. சித்தி கொடுத்த கைக்கடிகாரம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

ஊசிக்கு முன்னால் டாக்டர் நிறையக் கேட்பார். சின்ன வயதில் முட்டை பட்டாலே உனக்கு உதடு தடித்துவிடும், அதைச் சொல்லிவிடு. இந்த மருந்தை முட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள். கர்ப்பமாக இருக்கிறாயா என்றும் கேட்பார். நான் கேட்கவில்லை, டாக்டர் கேட்பார். உள்ளதைச் சொல்லு. எதையும் மறைக்காதே.

டைபாய்டு ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது உடம்பில் ஏறியிருக்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கு ஹெபடைடிஸ் ஏ ஊசி. முதல் தவணையைப் போட்டுக்கொண்டு போனால் போதும், இரண்டாவது ஆறு மாதம் கழித்துத்தான். வடக்குப் பக்கம் வேலை என்றாயே, அங்கே வறண்ட மாதங்களில் மெனிஞ்சைடிஸ் என்கிற மூளைக்காய்ச்சல் பரவுவது உண்டு. அந்த ஊசியையும் கேள். நாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுகிற ஊசி இருக்கிறது. அதைப் போட்டிருந்தாலும், கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே போய் மறுபடி ஊசி போட்டாக வேண்டும். நாயைப் பார்த்தால் நீ சும்மா போகமாட்டாய், அதனால்தான் சொல்கிறேன்.

மலேரியாவுக்கு மாத்திரைதான். ஊசியெல்லாம் போட்டாயிற்றே என்று அதை விட்டுவிடாதே. கிளம்பும் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் அவர்கள் சொல்கிற நாள் வரை விழுங்க வேண்டும். சில மாத்திரைகளை வந்த பிறகு ஒரு வாரம், சிலதை நான்கு வாரம் தொடர வேண்டும். வந்துவிட்டோமே என்று நிறுத்தாதே. மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் தள்ளிப்போடாதே. டாக்டரிடம் எதையும் மறைக்காதே.

இதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். மறைத்தது நான்தான், கயல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உன் சின்ன வயது தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். தேடுகிறேன் என்றேன். தேடவே இல்லை. பச்சைப் பெட்டியில், உன் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில், எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அதை நம்பி டாக்டர் ஏதாவது முடிவெடுத்துவிடுவாரே என்று பயந்துதான் அனுப்பவில்லை.

தட்டம்மைக்குப் போடுகிற எம்.எம்.ஆர். ஊசி உனக்கு ஒரு தவணைதான் போட்டிருக்கிறது. அதைப் போட்டு ஒரு வாரம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. அந்த ஊசிக்கு அப்படி வருவது உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பா குழந்தை விஷயம் நடந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரி முழுக்க உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இரண்டாவது தவணைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா கேட்டபோது போட்டாயிற்று என்று சொன்னேன். பள்ளியில் சேர்க்க அட்டை கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் நானே தேதி எழுதினேன், பக்கத்தில் டாக்டர் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல். யாரும் சந்தேகப்படவில்லை.

நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது சளி என்று பத்து நாள் வீட்டில் வைத்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அவ்வளவு படம் வரைந்தோம் என்று இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்வாய். உனக்குச் சளியே இல்லை. உன் வகுப்பில் மூன்று பேருக்குத் தட்டம்மை வந்திருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் நீ தூங்கிய பிறகு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அப்போதாவது போய் ஊசியைப் போட்டிருக்கலாம். போனால் அட்டையில் எழுதியிருப்பது பொய் என்று தெரிந்துவிடும். அதற்குப் பயந்து உன்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு நேற்றுத்தான் தெரியும்.

தட்டம்மைக்காரர் ஒருவர் இருமிவிட்டுப் போனால், அவர் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி அறைக் காற்றில் நிற்குமாம். விமான நிலையத்தில் எத்தனை அறை, எத்தனை பேர். அதனால் கிளம்பும் முன்னால் அந்த இரண்டாவது தவணையைப் போட்டுக்கொள். உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை.

ஒன்றே ஒன்று, இதுவும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் இரண்டுமே உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. சில இடங்களில் இரண்டையும் ஒரே நாளில் போடுகிறார்கள், சில இடங்களில் நான்கு வாரம் இடைவெளி கேட்கிறார்கள். நான்கு வாரம், அதன் மேல் பத்து நாள். கணக்குப் போட்டுப் பார். பத்து வாரம் இருந்தபோது நீ அட்டையைக் கேட்டாய். மூன்று வாரத்தை நான் வீணாக்கிவிட்டேன்.

அட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீல மையில் இருக்கிற தேதி நான் எழுதியது. பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் உண்மை. டாக்டரிடம் அப்படியே சொல்லு, அம்மா எழுதியது என்று சொல்லு. இன்றைக்கே நேரம் வாங்கிவிடு. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் எந்தத் தேதி என்று அப்பாவிடமாவது சொல்லிவிடு.

அம்மா