எலக்ட்ரிக் ஃபுட்பால்: ஸ்விட்ச் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மேசை விளையாட்டுகள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, அமெரிக்க எலக்ட்ரிக் ஃபுட்பாலை 'பொம்மைகள் தாமாக ஓடும், ஆடுபவருக்கு வேலை இல்லை' என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. வேலை நிறையவே இருக்கிறது. அதில் பாதி, ஆட்டம் தொடங்குமுன் விதி பேசி முடிப்பது.

டியூடர் என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் நார்மன் சாஸ் 1940-களின் கடைசியில் கொண்டுவந்த ஆட்டம் இது. தகடுதான் மைதானம். அடியிலுள்ள மின்காந்தச் சுருள் அதை அதிரவைக்கும். பக்கத்துக்கு 11 பொம்மைகள். ஒவ்வொன்றும் நிற்கும் பேஸுக்கு (அடிப்பீடம்) அடியில் சாய்வான மெல்லிய பிளாஸ்டிக் கால்கள். அந்தக் கால்கள் தள்ளும் பக்கம் பொம்மை நகரும். மற்றபடி அமெரிக்கக் கால்பந்துதான்: நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறவேண்டும், பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி.

கேரமில் ரெட்டுக்கு ஃபாலோ எப்படி என்று தெருவுக்குத் தெரு மாறுவதுபோல இதிலும் வீட்டுக்கு வீடு விதி மாறும். மாறட்டும். ஆனால் எந்த விதியானாலும் ஸ்விட்சை அணைத்தபின், அசையாமல் நிற்கும் பலகையைப் பார்த்தே சரிபார்க்க முடியவேண்டும். 'வேகமாக வந்து இடித்தானா', 'தன் ஆள் தள்ளியதால் பட்டதா' என்றெல்லாம் விதி வைத்தால், ஓடும்போது யார் எதைப் பார்த்தார் என்பதில்தான் சண்டை வரும். தள்ளிப் பட்டாலும் பட்டதுதான் என்று முடித்துவிடுங்கள்.

பெரிய வம்பு டேக்கிளில். பந்து வைத்திருப்பவனை எதிரணி ஆள் தொட்டால் ஓட்டம் முடிந்தது. சரி, எதில் தொட்டால்? பேஸும் பேஸும் பட்டால் மட்டும் என்று எழுதுங்கள். பொம்மையின் நீட்டிய கை பேஸைத் தாண்டி நிற்கும். அதையும் சேர்த்தால் கை நீண்ட பொம்மைகளை வாங்கியவர் பாடு கொண்டாட்டம். சந்தேகம் வந்தால் இரண்டு பேஸுக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை மேலிருந்து இறக்கிப் பார்க்கலாம். தடையில்லாமல் தகடுவரை இறங்கினால் படவில்லை. தடுப்பவனின் பேஸ் முன்பக்கம் பட்டால்தான் டேக்கிள் என்று ஆடுவோரும் உண்டு. அதில் ஸ்கோர் தாறுமாறாக ஏறும்; சிறுவர்களுக்குப் பிடிக்கும்.

ஸ்விட்ச் யார் கையில் என்பதையும் இதோடு சேர்த்தே முடிவு செய்யவேண்டும். தாக்கும் அணியிடம் இருந்தால் விரல் 'தாமதமாகும்'. அதற்குள் ஓடுபவன் நழுவி இன்னும் நாலு கெஜம் போயிருப்பான். தடுக்கும் அணியிடமே கொடுங்கள். தாமதித்து இரண்டும் பிரிந்துபோனால் நஷ்டம் அவர்களுக்கு, ஆட்டம் தொடரும். அவசரப்பட்டு அணைத்து, தாள் இறங்கிவிட்டால், தாக்கும் அணி ஓடுபவனை நின்ற இடத்திலேயே விரும்பிய திசைக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டலாம். வேறெந்தப் பொம்மையையும் தொடக்கூடாது. இந்தத் தண்டனை இருந்தால் ஆசைக்கு ஸ்விட்சை அணைக்க மாட்டார்கள்.

ஓடுபவன் வட்டமடித்துத் தன் கோல் பக்கமே திரும்புவது தவிர்க்க முடியாதது. அதற்குத் தாக்கும் அணி ஒரு முயற்சிக்கு ஒரு முறை 'நிறுத்து' சொல்லித் திருப்பிக்கொள்ளலாம். அதற்கு மேல் கிடையாது.

பாஸ் செய்வது தனி வித்தை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பொம்மையின் கையைப் பின்னுக்கு இழுத்து விட்டால் சிறு பந்து பறக்கும், பெரும்பாலும் யார் மேலும் படாது. ஆள்மேல் பட்டால்தான் கேட்ச் என்று வைத்தால் பாஸ் செய்யவே யாரும் துணியமாட்டார்கள். ஒரு பேஸின் நீளத்துக்குத் தாள்பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பந்து நின்ற இடத்திலிருந்து அந்த நீளத்துக்குள் வாங்குபவன் இருந்து, எதிரணி ஆள் அவனைவிட அருகில் இல்லாவிட்டால் கேட்ச். பறக்கும் பந்து எதிராளிமேல் முதலில் பட்டால் இன்டர்செப்ஷன், பந்து எதிரணிக்கு. பறக்கும்போது நடப்பது இது ஒன்றுதான். இதை மட்டும் கண்ணை நம்பித்தான் சொல்லவேண்டும்.

கடிகாரம் வேண்டாம். ஓட்டம் சில நொடிதான், பொம்மை அடுக்குவதில்தான் நேரம் போகும். ஆட்டத்தின் கால்பகுதியான குவார்ட்டருக்கு 15 முயற்சி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அடுக்க, தாக்கும் அணிக்கு 60 நொடி, அதன்பின் தடுக்கும் அணிக்கு 30 நொடி. மொத்தம் 60 முயற்சி. அடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பேஸின் கால்களை மூக்குக் குறடால் லேசாக வளைத்து வேகமும் திசையும் கூட்டுவார்கள். வளைத்த இடம் வெளுத்தால் அது ஒடியப்போகிறது. இதைத் தடை செய்யத் தேவையில்லை. முதல் உதைக்குப் பிறகு இடைவேளையில் மட்டும் என்று கட்டுப்படுத்தினால் போதும். பலகையின் நாலு மூலையையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலைக்கு அட்டை கொடுங்கள். அப்படியும் ஒரு பக்கம் இழுக்கும். குவார்ட்டருக்குக் குவார்ட்டர் பக்கம் மாறினால் அது இருவருக்கும் பொது.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒன்று. பழைய பலகைகள் 110-120 வோல்ட்டுக்கானவை. 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சுருள் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதிர்வு குறைவதால் அமெரிக்காவில் நேராக ஓடிய பொம்மையும் இங்கே முரண்டு பிடிக்கலாம். எல்லாப் பேஸ்களையும் முதலில் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்த்து, கால்களைச் சரிசெய்துகொண்டு அணி பிரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.